பின் பிரேக்கும் என் வலது காலும்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு என்னை வீட்டில் இருத்திவிட்டார்கள். அதற்குப் பிறகு நான் எழுதியது கடைக்குக் கொடுத்துவிடுகிற துண்டுகளும், கட்டிக்கொடுத்துப் போன மகளுக்கு நாலைந்து கடிதங்களும்தான். மறதியும் கூடிவிட்டது. முன்னுக்குச் சொல்லவேண்டியதைப் பின்னுக்குச் சொல்லுவேன். சொன்னதையே திரும்பவும் சொல்லுவேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளவேண்டும்.

நான் எழுத வந்தது கார்களின் பின் பிரேக்கைப் பற்றி. ஒரு கிழவிக்கு இது என்ன கதை என்று நினைப்பீர்கள். எனக்குக் கார் ஓடத் தெரியாது. ஸ்டியரிங்கைத் துடைத்திருக்கிறேன், திருப்பியதில்லை. ஆனால் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து நாற்பத்தைந்து வருடம் பழைய இங்கிலீசுக் கார்களின் பிரேக்கை நான்தான் மிதித்தேன். எல்லாம் ஓடாமல் நின்ற கார்கள்.

என் வீட்டுக்காரர் கார் திருத்துகிறவர். கற்பிட்டி ரோட்டில், குறிஞ்சிப்பிட்டிக்குக் கிட்ட எங்கள் வளவு. ஊரில் அவரைப் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுவார்கள். வளவில் ஒரு சீமெந்துத் தளம் இருக்கிறது. முந்தி யாரோ கருவாடு காயப்போடுவதற்குப் போட்டது. தண்ணீர் வழிந்தோடவேண்டும் என்று அதைச் சரிவாகப் போட்டிருந்தார்கள். மற்ற இடமெல்லாம் மணல், காரைத் தூக்குகிற ஜேக்கை வைத்தால் புதைந்துபோகும். அதனால் வருகிற கார் எல்லாம் அந்தச் சரிவில்தான் ஏறி நிற்கும். இந்தச் சரிவை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இது தேவைப்படும்.

எங்கள் பக்கத்தில் பின் பிரேக் வேலைதான் அதிகம். ஏனென்றால் மீன் ஏற்ற வருகிறவர்கள் காரைப் பின்பக்கமாகவே கரைக்கு இறக்குவார்கள். பின் சக்கரம் இரண்டும் கடல் தண்ணீரில் நிற்கும், முன் சக்கரம் காய்ந்த மணலில் நிற்கும். மீன் பெட்டியை ஏற்றிக்கொண்டு அப்படியே போய்விடுவார்கள். ஒருவரும் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவமாட்டார்கள். ஒரு மாரி போனால் பின் பிரேக் உப்பில் ஊறிய இரும்பாகிவிடும்.

பிரேக்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். மிதிக்கிறபோது குழாய்க்குள் இருக்கிற எண்ணெய் தள்ளுப்பட்டுப் போய்ச் சக்கரத்தைப் பிடிக்கவைக்கிறது. அந்த எண்ணெய்க்குள் காற்றுப் போய்விட்டால், நாம் மிதிக்கிற பலம் காற்றை நசுக்குவதிலேயே முடிந்துவிடும். சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆகவே எதையாவது கழற்றிப் பூட்டினால் காற்றை எடுத்தே ஆகவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே இருந்து மிதிப்பார். மற்றவர் கீழே படுத்து, நிப்பிள் என்கிற சின்ன மூக்கைச் சாவியால், அதாவது ஸ்பேனரால், திறப்பார். காற்றும் எண்ணெயும் சேர்ந்து போத்தலுக்குள் பீய்ச்சும். மூக்கை மூடுகிற வரைக்கும் மேலே இருப்பவர் காலை எடுக்கக்கூடாது. எடுத்தால் போன காற்று திரும்பவும் உள்ளே வந்துவிடும்.

இவர், என் வீட்டுக்காரர், மிதிப்பதற்கு வேறு ஆள் வைக்கவில்லை. "ஆளுக்கு ஆள் கால் வேற. எனக்கு ஒரே கால் வேணும்" என்பார்.

எனக்கோ அந்நிய ஆம்பிளைகள் முன்னால் நிற்கவே கூச்சம். கார்க்காரர் வந்து நின்றால் இவர் இருமுவார். வந்தவர் விளங்கிக்கொண்டு கிணற்றுப் பக்கம் திரும்பிப் பிளேன்டீயைக் குடிப்பார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, குசினியிலிருந்து விறுவிறு என்று வந்து டிரைவர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்துவேன். வாயே திறக்கமாட்டேன். கீழே இருந்து இவர் "மிதி" என்றால் மிதிப்பேன். "புடி" என்றால் அமத்திக்கொண்டிருப்பேன். மூக்கைத் திறந்ததும் கால் அடி மட்டும் போகும். போனவுடன் காப்பால் கதவில் ஒரு தட்டுத் தட்டுவேன். அவர் மூடிவிட்டு "உடு" என்பார். இப்படியே போகும். காற்றெல்லாம் போன பிறகு காலுக்கடியில் பெடல் கல் மாதிரி நிற்கும். அப்போது இரண்டு தட்டு. இரண்டு தட்டுக் கேட்டால் வேலை முடிந்தது என்று இவர் சாவியைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். காற்று மிச்சம் இருந்தால் பஞ்சு மாதிரி அமுங்கும். அப்போது நான் தட்டமாட்டேன், அவரும் கேட்கமாட்டார். திரும்பவும் "மிதி" என்பார்.

மீன் ஏற்றுகிற ஒருவர் கிணற்றடியில் நின்றபடியே சத்தமாகச் சொல்லுவார்: "பாஸ், உங்கட சாவிக்கு பிரேக் பயப்படுற இல்ல. காப்புச் சத்தத்துக்குத்தான் பயப்படுது."

"நீங்களும் வூட்டுல காப்புச் சத்தத்துக்குத்தானே பயம்" என்று இவர் காருக்கடியில் இருந்து பதில் சொல்லுவார்.

நான் உள்ளே இருந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறேன். வெளியே தெரியாது.

எங்களிடம் கூடுதலாக வந்தது இரண்டு சாதிக் கார்கள். மொறிஸ் மைனர், மற்றது ஒஸ்டின் ஏ போட்டி, ஏ-40 என்று எழுதுவார்கள். இரண்டும் பார்க்கப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மாதிரிதான். பின் பிரேக்கில்தான் வித்தியாசம். ஒஸ்டினிலும் பிறகு வந்தவற்றில் அது மாறிவிட்டதாம். நான் சொல்வது முதலில் வந்ததை.

மொறிஸில் பின்னால் சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சிலிண்டர். எண்ணெய் அந்த மூலை வரைக்கும் போகிறது. ஒரு பக்கத்துச் சிலிண்டர் உப்பில் இறுகிவிட்டால் மற்றப் பக்கம் மட்டும் பிடிக்கும், கார் ஒரு பக்கமாக இழுக்கும். ஹேன்ட் பிரேக்குக்கு இரண்டு கேபிள், ஒவ்வொரு சக்கரத்துக்கும் வேறு வேறாகப் போகும். எண்ணெய் ஊற்றுகிற இடம் காலுக்கடியில், தரையில் மெத்தையைத் தூக்கினால் ஒரு ஓட்டை. எங்கள் ஊர்க் காரில் அந்த ஓட்டையைச் சுற்றி எப்போதும் மணல் இருக்கும். மூடியைத் திறக்கமுன் மணலைத் துடைத்தெடுப்பது என் வேலை. கோழி இறகு ஒன்று அதற்கென்றே வைத்திருந்தேன்.

ஒஸ்டினில் பின் சக்கரத்துக்கு எண்ணெய் போவதே இல்லை. இதைக் கேட்டு நான் முதலில் நம்பவில்லை. காரின் வயிற்றுக்கடியில் நடுவில் ஒரே ஒரு சிலிண்டர். எண்ணெய் அதோடு நிற்கிறது. அங்கிருந்து சக்கரங்களுக்கு இரும்புக் கம்பி. சிலிண்டர் கம்பியை இழுக்கும், கம்பி சக்கரத்தைப் பிடிக்கும். ஹேன்ட் பிரேக்கும் அதே கம்பியைத்தான் இழுக்கிறது. எண்ணெய் எல்லாம் ஒழுகிப்போனாலும் கையால் இழுத்தால் பின்னால் பிடிக்கும். ஆனால் கம்பியின் மூட்டுக்கள் துருப்பிடித்தால், பிடித்த பிரேக் விடாது. கரிந்த மணத்தோடு வந்து நிற்பார்கள். மாதம் ஒருதரம் கிறீஸ் பூசவேண்டும். பூசமாட்டார்கள்.

எது நல்லது என்று ஒருதரம் இவரிடம் கேட்டேன். அப்போது மகள் கைக்குழந்தை.

"மொறிஸ் சக்கரத்துக்குச் சக்கரம் காவல்காரன் வெச்ச மாதிரி. ஒஸ்டின் எல்லாத்துக்கும் ஒரு ஆள். அந்த ஆள் நல்லா இருந்தா எல்லாம் நல்லா இரிக்கும்" என்றார்.

எனக்கு ஒஸ்டின்தான் பிடிக்கும், வேறு காரணத்துக்காக. மொறிஸில் காற்று எடுக்கும்போது இவர் பின் சக்கரத்தடியில் கிடப்பார், குரல் தூரத்திலிருந்து வரும். ஒஸ்டினில் நடு வயிற்றுக்கடியில் கிடப்பார். நான் இருக்கிற இடத்துக்கு நேர் கீழே. தகட்டுக்கு அந்தப் பக்கம் அவர் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். வீட்டில் நாங்கள் அவ்வளவு கிட்ட இருந்து பேசிக்கொண்டது குறைவு. இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது.

இனி என் காலைப் பற்றி.

எனக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, வந்து நெடுநாள். ஒரு நாள் கிணற்றடிக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால் வலது காலில் செருப்பில்லை. வழியில் கழன்று கிடக்கிறது. கழன்றது எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு ஒரு நாள் நெருஞ்சி முள் ஏறி, புழுத்துப்போகிற நேரத்தில்தான் கண்டேன். அடிப்பாதம் செத்துப்போயிருந்தது. அந்தக் காலால் தரையை மிதிப்பது கனவில் மிதிப்பது மாதிரி.

சீனிக் கிளினிக்கில் ஒரு டொக்டர் பிள்ளை, நல்ல பிள்ளை, பாதத்தில் தொட்டுப் பார்க்க ஒரு நரம்பு மாதிரியான நூலை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னது: "உம்மா, கண்ண மூடுங்க. தொடும்போது ஓம் எண்டு சொல்லுங்க."

நான் கண்ணை மூடினேன். ஒன்றும் தெரியவில்லை. அந்தப் பிள்ளை அசையும்போது அது இருந்த கதிரை கீச்சென்றது. கதிரை கீச்சிட்டபோதெல்லாம் ஓம் என்றேன்.

"நல்லது உம்மா, காலைக் கவனமாப் பாத்துக்கோங்க" என்று துண்டில் எழுதிவிட்டது.

ஏன் பொய் சொன்னேன் என்று கேட்பீர்கள். பின்னால் வரிசையில் ஆட்கள் இருந்தார்கள். கால் செத்துப்போனது என்று அத்தனை பேர் முன்னால் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் இவரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மிதிக்க யார் வருவார் என்ற யோசனையும் இருந்தது. இவருக்கு வலது கண்ணில் வெண்படலம். போத்தலுக்குள் குமிழி வருகிறதா என்று முந்தி மாதிரி அவருக்குத் தெரிவதில்லை. "உன்ட கால் இரிக்கும்போது எனக்கு என்னத்துக்குக் கண்" என்று சிரிப்பார். அப்படிச் சொல்கிறவரிடம் என்னவென்று சொல்வது.

காலால் தெரியாததைக் கண்ணால் செய்யப் பழகினேன். மிதித்துவிட்டு முழங்காலைப் பார்ப்பேன். முழங்கால் தாழ்ந்தால் பெடல் கீழே போய்விட்டது. முழங்கால் நின்றால் கல். ஒரு வருடத்துக்குக் கிட்ட இப்படி ஓட்டினேன். வந்ததும் நாலைந்து கார்தான், எல்லாம் மொறிஸ். ஒன்றும் பிழையாகவில்லை.

பிறகு மாஸ்டருடைய ஒஸ்டின் வந்தது. மாஸ்டர் என்பவர் கனமூலையில் இருக்கிற பென்சன் எடுத்த பள்ளிக்கூட மாஸ்டர். கார் அவருடைய வாப்பா ஓடியது. வயிற்றுச் சிலிண்டர் எண்ணெய் ஒழுகுகிறது என்று கொண்டுவந்தார். அது காலை நேரம். இவர் சிலிண்டரைக் கழற்றி, கழுவி, புது ரப்பர் போட்டுப் பூட்டினார். அந்த வேலைக்கு வெறும் கையே அவருக்குப் போதும், கண் தேவையில்லை. கம்பி மூட்டு ஒவ்வொன்றுக்கும் கிறீஸ் வைத்தார். அன்றைக்கு அவர் நல்ல சந்தோசத்தில் இருந்தார். மாஸ்டரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "சேர், இந்த ரப்பர் உங்களுக்கும் எனக்கும் பிறகும் இரிக்கும்."

"அப்ப மையத்துக்கும் இதுலயே போகலாம் பாஸ்."

"பிரேக் பிடிக்கிற சந்தூக்கு" என்றார் இவர், மையத்தை அடக்கத் தூக்கிப்போகிற பெட்டியை நினைத்து. இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பிறகு இருமல். நான் வந்து ஏறினேன்.

தளம் சரிவு என்று சொன்னேன் அல்லவா. கார் உருளாமல் இருக்க வழக்கமாகச் சக்கரத்துக்குக் கல் வைப்பார். அன்றைக்கு ஒரு பக்கம்தான் கல் இருந்தது. கார் சாடையாக அசைந்தது. இவர் கீழே கிடக்கிறாரே என்ற பயத்தில் நான் ஹேன்ட் பிரேக்கை இழுத்துவிட்டேன். முந்தியும் மொறிஸில் இழுத்திருக்கிறேன், அதனால் பெரிதாக யோசிக்கவில்லை. இழுத்தேன் என்று அவருக்குச் சொல்லவும் இல்லை. மாஸ்டர் கிணற்றடியில் நின்றார், வாய் திறக்கக் கூச்சம்.

"மிதி" என்றார். மிதித்தேன். "புடி." பிடித்தேன் என்று நினைக்கிறேன். முழங்காலைப் பார்த்தேன். கொஞ்சம் தாழ்ந்தது. ஒரு தட்டு. "உடு." இப்படி ஏழெட்டுத் தரம். நடுவில் ஒருதரம் கீழே பார்த்தால் செருப்பு பெடலில் இருக்கிறது, கால் செருப்பில் பாதிதான் இருக்கிறது. எப்போது வழுக்கியது என்று தெரியாது. அவர் மூக்கை மூடமுன் வழுக்கியதா, மூடினபின் வழுக்கியதா, அதுவும் தெரியாது. காலை ஒழுங்காக வைத்துக்கொண்டு திரும்பவும் மிதித்தேன். முழங்கால் உயரத்திலேயே நின்றது. நல்ல உயரம். இரண்டு தட்டுத் தட்டினேன்.

கீழே சாவி துடைக்கிற சத்தம் கேட்டது.

இப்போது யோசித்தால் எனக்கு இப்படித்தான் படுகிறது: ஹேன்ட் பிரேக் இழுத்தபடி இருந்ததால் ஒஸ்டினின் கம்பி முதலே இறுகி நின்றது. அதனால்தான் பெடல் உயரத்தில் நின்றது. உள்ளே காற்று இருந்திருக்கும். நல்ல கால் என்றால் அந்தப் பஞ்சைக் கண்டுபிடித்திருக்கும். முழங்காலுக்கு அது எப்படித் தெரியும்.

நான் இறங்கிப் போக, இவர் ஏறி இருந்து ஒருதரம் அமத்திப் பார்த்தார். ஹேன்ட் பிரேக் மேலேயே இருந்தது. "சரி" என்றார். ஒஸ்டின் பெடல் எப்போதும் கொஞ்சம் சோம்பல்தான், ஆகவே வித்தியாசம் தெரிந்திராது. அதோடு என் இரண்டு தட்டுக்குப் பிறகு அவர் எதையும் பெரிதாகச் சோதித்துப் பார்ப்பதில்லை. ஹேன்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, ஓடிப் பார்க்கப் படலையால் வெளியே போனார். ஒழுங்கை முடிந்து பெரிய ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. வெங்காயம் ஏற்றின டிரக்டர் ஒன்று வந்திருக்கிறது. மிதித்திருக்கிறார். பெடல் அடி மட்டும் போய்விட்டது. திரும்ப மிதிக்க நேரமில்லை. ஹேன்ட் பிரேக்கை இழுத்திருக்கிறார். பின் சக்கரம் இரண்டும் பிடித்து, கார் பக்கவாட்டாக வழுக்கி, மதகுக் கட்டின்மேல் போய் ஏறி நின்றது. டிரக்டர்காரனுக்கு ஒன்றும் இல்லை. இவருக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. காரின் முன்பக்கமும் வயிறும் மதகுக் கட்டில் உரசி நசுங்கிப்போனது.

கம்பிதான் காப்பாற்றியது என்று எல்லோரும் சொன்னார்கள். அல்லாஹ் காப்பாற்றினான் என்று நான் சொன்னேன். வேறு என்ன சொல்வது.

இரண்டு நாளைக்குப் பிறகு மாஸ்டர் பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். நான் திரைக்குப் பின்னால் நின்றேன். கோபமாகப் பேசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் மெதுவாகப் பேசினார்.

"பாஸ், மனசுல வெச்சிக்காதீங்க. நிப்பிள இறுக்க மறந்திருப்பீங்க. எனக்கும் இப்ப எல்லாம் மறதிதான். கதவப் பூட்டிட்டு வந்து, பூட்டினேனா எண்டு திரும்பப் போய்ப் பாக்கிறேன்."

இவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்தார். பிறகு "ஓம் சேர்" என்றார். "அப்பிடித்தான் இரிக்கும். கண்ணும் சரியில்ல."

திரையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது வெளியே வந்திருக்கவேண்டும். ஒரு தட்டாவது தட்டியிருக்கவேண்டும். அந்த நேரத்தில் சொல்லியிருந்தால் மாஸ்டர் என்ற சாட்சியோடு அது நின்றிருக்கும். நான் நகரவில்லை. அவர் போன பிறகு பழத்தைக் கழுவி வைத்தேன்.

மணிக்கட்டு பொருந்திவிட்டது. கைக்கட்டை வெட்டி எடுத்த டொக்டர் வேலை செய்யலாம் என்றே சொன்னார். ஆனால் இவர் அதற்குப் பிறகு ஒரு சாவியையும் தொடவில்லை. வருகிறவர்களிடம் "விட்டுட்டேன்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். வீட்டுத் தண்ணீர்க் குழாய் ஒழுகினால்கூட ஆள் கூப்பிடச் சொல்கிறார். பாண் வெட்டும்போதும் கையைப் பார்த்துப் பார்த்து வெட்டுகிறார். தொழுகைக்கு வுழூச் செய்துவிட்டு, கை கழுவினேனா என்று என்னைக் கேட்கிறார். நான் கழுவினீங்க என்றால் திரும்பப் போய்க் கழுவுகிறார். பிரேக் மறந்த கை எதையும் மறக்கும் என்று மனதில் போட்டுக்கொண்டார்.

எங்கள் காற்றில் இரும்பை ஒரு கிழமை துடைக்காமல் விட்டால் சிவந்துவிடும். முந்தி வெள்ளிக்கிழமை காலையில் எல்லாச் சாவியையும் பழைய சாரனில் பரப்பி எண்ணெய் போட்டுத் துடைப்பார். இப்போது அது நான். ஒரு நாள் கண்டுவிட்டார்.

"அதுக்கு எண்ணெய் பூசி என்ன செய்யப்போற?"

"துருப்புடிக்கிது."

"புடிக்கட்டும்" என்றார்.

பொறுக்க முடியாமல் ஒரு நாள் அசர் தொழுகைக்குப் பிறகு சொல்லத் தொடங்கினேன். வெளி விறாந்தையில் இருந்தார். தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கீழே உட்கார்ந்தேன்.

"இஞ்ச பாருங்க. அண்டைக்கு நான் ரெண்டு தட்டுனது பொய்."

"எண்டைக்கு?"

"மாஸ்டர்ட காருக்கு. என்ட காலுக்கு ஒண்டும் வெளங்கல்ல. அதுக்கு முந்தியும் ஒரு வருசமா வெளங்கிற இல்ல. ஹேன்ட் பிரேக்கும் இழுத்துத்தான் இருந்த. நான் முழங்காலப் பாத்துத் தட்டினேன்."

அவர் தேத்தண்ணியைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார்.

"இத எத்தின நாளா யோசிச்ச?" என்றார்.

"யோசிக்க என்ன இரிக்கி. நடந்தது."

"எனக்காகச் சொல்ற."

"அல்லாட மேல..."

"ஆண வெக்காத." குரலை உயர்த்தவில்லை. "நாப்பத்தஞ்சு வருசத்துல உன்ட கால் ஒருதரம் பிழ விட்டிரிக்கா? எனக்கு நம்ப மிச்சம் இரிக்கிறது அந்தக் கால் ஒண்டுதான். அதையும் எடுத்துப்போட்டு என்னை ஆறுதல் படுத்தப் பாக்குற."

எனக்கு எப்படி நம்பவைப்பதென்று தெரியவில்லை. முக்காட்டில் குத்தியிருந்த ஊசியைக் கழற்றினேன். காலை நீட்டி, அவர் பார்க்க, பெருவிரலுக்குக் கீழே ஊசியைக் குத்தினேன். உள்ளே போனது. இரத்தம் ஒரு சொட்டு வந்தது. "பாருங்க" என்றேன். "ஒண்டும் இல்ல."

ஊசியைப் பறித்துவிட்டார். "விசரா உனக்கு? சீனிக் கால்." தன் சாரன் ஓரத்தால் துடைத்தார்.

"நொந்தா நான் கத்தியிருக்கமாட்டேனா?" என்றேன்.

"நீயா?" என்றார். "மகள் பிறக்கும்போதும் நீ கத்தல்ல. மருத்துவிச்சி பயந்துபோய் வெளிய வந்து, உங்கட பொண்டாட்டிக்கு உயிர் இரிக்கா எண்டு என்னட்ட கேட்டா."

என் வாயை நானே இத்தனை வருடமாகத் தைத்து வைத்திருந்தேன். இப்போது திறந்தால் அதற்குள் இருப்பதை நம்ப ஆளில்லை.

ஊசி குத்தின இடம் ஆறவில்லை. கிளினிக்கில் கிழமைக்கு இரண்டு தரம் கழுவுகிறார்கள். ஒரு விரல் போகவேண்டி வரலாம் என்கிறார்கள். அது போனால் போகட்டும். அந்தக் கால் ஆறாமல் கிடப்பதே இவருக்கு நான் சொன்னதற்கு அத்தாட்சியாகும் என்று பார்த்தால், அதற்கும் தன் கையைத்தான் குறை சொல்கிறார். ஊசியைப் பிந்திப் பறித்ததாம்.

மாஸ்டர் காரை வேறு இடத்தில் கொடுத்துத் திருத்திக்கொண்டார். பின்னால் இருந்த கம்பி வேலை எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மொறிஸ் மாதிரி சக்கரத்துக்குச் சக்கரம் சிலிண்டர் போட்டுவிட்டார்களாம். நல்லாப் பிடிக்கிறதாம். கழற்றிய பழையதை ஒரு உரப்பையில் கட்டி எங்கள் வளவுக்கே அனுப்பிவைத்தார். எறிய மனம் வரவில்லை, பாஸ் வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருந்தார். இவர் பையை அவிழ்க்கவில்லை. கஜு மரத்தடியில் அது ஒரு மாரி முழுக்கக் கிடந்தது.

போன கிழமை இவர் பள்ளிவாசலுக்குப் போன நேரம் நான் அவிழ்த்தேன். வளைந்த கம்பிகள், அதற்குள் அந்த வயிற்றுச் சிலிண்டர். தோடம்பழ அளவுகூட இல்லை. அதன் மூக்கில் சரியான சாவியைப் பூட்டித் திருப்பினேன். சாவி எதுவென்று எனக்குத் தெரியும். அசையவில்லை. இரண்டு கையாலும் திருப்பினேன். அசையவில்லை. இறுகித்தான் இருக்கிறது. ஆனால் அன்றைக்கு இவர் இறுக்கியதால் இறுகியதா, மழையிலும் உப்புக் காற்றிலும் கிடந்து துருவால் இறுகியதா, என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. சாவியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

ஆகவே வாசிக்கிறவர்களில் பழைய கார் வேலை தெரிந்த யாராவது இருந்தால் இதைச் சரி பார்த்துச் சொல்லவேண்டும். பின் பிரேக்குகளைப் பற்றி நான் எழுதியதில் மொறிஸுக்குரியதை ஒஸ்டினுக்கும் ஒஸ்டினுக்குரியதை மொறிஸுக்கும் மாற்றி எழுதியிருக்கலாம். அதைத் திருத்திவிடுங்கள். ஆனால் முக்கியமாகப் பார்க்கவேண்டியது ஒன்று: ஹேன்ட் பிரேக்கை இழுத்துக்கொண்டு ஒஸ்டினில் காற்று எடுத்தால் பெடல் பொய்யாக உயரத்தில் நிற்குமா? நிற்கும் என்றால் அதை நாலு வரியில் விளங்குகிற மாதிரி எழுதித் தாருங்கள். என் சொல்லை அவர் எடுக்கமாட்டார். வேலை தெரிந்த ஒருவர் எழுதினால் ஒருவேளை வாசிப்பார். வலது கண் மங்கல் என்றபடியால் எழுத்து பெரிதாக இருக்கட்டும்.